தட்டைப் பார்க்கவில்லை

மார்ச் 4, செவ்வாய்

நான் மகள் வீட்டில் போய் ஒட்டிக்கொள்ளப் போகிறேன் என்று கீழ்வீட்டுத் தையல்காரி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். தவறு. மகள்தான் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அதுவும் இரண்டு கோழிகளோடும் ஒரு கூடை குஞ்சுகளோடும். அவள் வேலை செய்யும் பறவை ஆய்வுக்கூடத்தில் கூரை ஒழுகுகிறது. பழுது பார்த்து முடியும்வரை என் பின்னறையைக் கேட்டாள், கொடுத்தேன். மாதக் கடைசியில் அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல். அங்கே நானும் போவதாக எந்த முடிவும் இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை.

மார்ச் 5, புதன்

குஞ்சுகள் எல்லாம் ஒரே ஈட்டு முட்டைகளிலிருந்து வந்தவை. இயந்திரத்தில் பொரிந்தவை. இருட்டில் பாதியை ஒரு கோழியின் வயிற்றடியிலும் மீதியை மற்றதன் அடியிலும் தள்ளிவிட்டாளாம். விடிந்ததும் இரண்டும் தம் பிள்ளைகள் என்றே நம்பிவிட்டன. வெள்ளைக் கோழி, கதவை அறைந்து சாத்தினாலும் அசையாது. பழுப்பு, ஸ்பூன் விழுந்தால் ஊரைக் கூட்டுகிறது. வெள்ளைக்கு சிஸ்டர், பழுப்புக்கு டீச்சர் என்று பெயர் வைத்தேன். கான்வென்டில் எங்களுக்கு இரண்டு வகையும் வாய்த்தார்கள்.

“பேரெல்லாம் வைக்காதீங்கம்மா. அந்த ரூம்ல பேசவும் கூடாது.”

என் வீட்டில் நான் பேசக் கூடாதாம்.

மார்ச் 9, ஞாயிறு

சிஸ்டரின் குஞ்சுகள் என் செருப்பின் மேல் ஏறி உட்காருகின்றன. டீச்சரின் குஞ்சுகளோ, நிழல் விழுந்தாலே தரையோடு தரையாக ஒட்டிக்கொள்கின்றன. அம்மாவை உரித்து வைத்திருக்கிறதே என்றேன்.

“பெத்தவ வேறம்மா. வளக்கிறவ எதுக்கெல்லாம் பதறுறாளோ, அதுக்கெல்லாம் இதுங்களும் பதறும்.”

“அப்ப நீ யார் மாதிரிடி?”

சிரித்தாள். தீனிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 14, வெள்ளி

இன்று சோதனை. ஒரு குஞ்சைத் தனியாகப் பெட்டியில் விடுவது, எவ்வளவு நேரம் கத்துகிறது என்று பார்ப்பது. டீச்சரின் குஞ்சு வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்தது. நான் சமையலறையிலிருந்து பால்காரரை ஒரு பிடி பிடித்தேன் — பாலா அது, தண்ணீர். என் குரல் எழும்பியதும் குஞ்சின் கத்தல் பட்டென்று நின்றது.

எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே போய், “பாத்தியா, என் குரல் கேட்டா அழுகை நிக்குது” என்றேன்.

“இதுக்கு உங்க குரல் எப்படித் தெரியும்? தினமும் உள்ள வந்து பேசினீங்களா?”

“பேசல. பெருக்கும்போது திட்டினேன். தீனிய இப்படியா இறைக்கும்?”

முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா — நாற்பது வருடமாகத் தெரிந்த பிள்ளை, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு சொன்னாள்: “கத்தல் நின்னுது, சரிம்மா. ஏன்னுதான் தெரியல. நிம்மதியானாலும் நிக்கும், பயந்தாலும் நிக்கும்.”

“எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“தீனியப் பாக்கணும். நிம்மதின்னா கொத்தித் தின்னும். பயம்னா அப்படியே உறைஞ்சு போய் நிக்கும்.”

“கொத்துச்சா?”

“பாக்கறதுக்குள்ள நீங்க உள்ள வந்துட்டீங்க.”

மார்ச் 15, சனி

இரவுச் சாப்பாட்டின்போது நான்தான் ஆரம்பித்தேன். நீ பாட்டுக்குப் போய்விடுவாய், இந்தச் சுவர்களோடு நான் பேசிக்கொண்டிருக்க வேண்டுமா என்று. கொஞ்சம் உரக்கத்தான் கேட்டேன். உடனே சொன்னாள்: “அங்க ரெண்டு ரூம் இருக்கும்மா. நீங்களும் வாங்க.”

யோசிக்கிறேன் என்று கௌரவமாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். கை கழுவும்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டாளா? தட்டைப் பார்க்கவில்லையே!

மார்ச் 16, ஞாயிறு

இன்று பார்த்தேன். உப்பு கூடிப்போச்சு என்றேன். அவள் கை பாதியில் நின்றது. பிறகு சாப்பிட்டாள். உப்புக்காக நின்றதா?

மார்ச் 18, செவ்வாய்

சோதனையை மறுபடி செய்யச் சொன்னேன். செய்தாள். நான் சமையலறையிலிருந்து திட்ட வேண்டும். திட்ட ஆளில்லை, பால்காரர் வந்து போய்விட்டார். குக்கரைத் திட்டினேன். சிஸ்டரின் குஞ்சு கத்தலை விட்டுக் கொத்த ஆரம்பித்ததாம். டீச்சரின் குஞ்சும் கத்தலை விட்டதாம், ஆனால் வெகுநேரம் சிலையாக நின்று, அப்புறம் ஒரே ஒரு மணியைக் கொத்தியதாம்.

ஆக, குரல் ஒன்றுதான். வளர்த்தவள்தான் வேறு. இதுவரை புரிகிறது. ஆனால் என் மகள் விஷயத்தில் வளர்த்த கோழியும் நான், சமையலறையில் கத்தும் குரலும் நான். இதை எந்தப் பெட்டியில் போட்டுப் பார்ப்பது?

மார்ச் 21, வெள்ளி

மூத்த மகன் போன் செய்தான். விஷயத்தைச் சொன்னேன். “அவ கூப்பிட்டாளா? கூப்பிட்டா கிளம்ப வேண்டியதுதானேம்மா. இதுல என்ன ஆராய்ச்சி?” என்றான். அவனுக்கு எதுவும் உறைக்காது. சின்ன வயதிலும் நான் கத்தக் கத்த இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். அவனையும் நான்தானே வளர்த்தேன்! அப்படியானால்? — குழப்பம்தான் கூடுகிறது.

என் வீட்டுக்காரர் இருந்தபோது சொல்வார்: நீ நலம் விசாரித்தாலே போலீஸ் விசாரணை மாதிரி இருக்கு.

மார்ச் 24, திங்கள்

கூண்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு புது ஊருக்கே போய்விட்டாள். படியில் நின்று மறுபடி, “வாங்கம்மா, ரூம் ரெடியா இருக்கு” என்றாள். “ஒழுங்கா யோசிச்சுத்தான் சொல்றியா?” என்றேன். “சரிம்மா” என்றாள். இது என்ன பதில்?

மார்ச் 25, செவ்வாய்

பின்னறையைக் கழுவிவிட்டேன். திட்ட ஒன்றும் இல்லை.

மார்ச் 27, வியாழன்

காலையில் தபாலில் சேர்த்தது. பிரதி இங்கே:

‘சின்னவளுக்கு,

நீ என்னை வரச் சொன்னது, நான் குரலை உயர்த்திய மறுநொடியில். நிம்மதியில் சொன்னாயா, பயத்தில் சொன்னாயா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று உன் தட்டைப் பார்க்கத் தவறிவிட்டேன். போனில் கேட்டால் நீ சரிம்மா என்பாய், ஏனென்றால் அங்கேயும் என் குரல் வந்துவிடும். கடிதத்தில் அது வராது. நன்றாகச் சாப்பிட்டு முடித்த பிறகு உட்கார். நான் அங்கே வருவது உனக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றாலும் என் கையெழுத்து மாறாது, அடுத்த கடிதமும் வரும். எழுத்தில் பதில் போடு.

அம்மா’