பினாங்குக்குக் கட்டிய பெட்டி

கார்த்திகை 9, திங்கள்

விடாத மழை. சிராங்கூன் ரோட்டில் மாட்டு வண்டிகள் சேற்றில். துணி எதுவும் காயவில்லை. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

பினாங்கிலிருந்து இவருடைய அண்ணன் கடிதம். பிள்ளைகளுக்குப் பெரியப்பா. வியாழன் கப்பலில் வருகிறாராம். மகள் செல்லத்துக்கு ஆறு வயதாகியும் பள்ளிக்கூடம் அனுப்பாமல் நானே வீட்டில் சொல்லிக்கொடுப்பது அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. வாசித்துக் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் ஞாயிறு கப்பலில் தன்னோடு கூட்டிப்போய் அங்கே பள்ளியில் சேர்த்துவிடுவாராம். இவர் கடிதத்தை மடித்துக்கொண்டே, "அண்ணன் சொன்னா நான் என்ன சொல்ல முடியும்?" என்றார்.

மூன்று நாள்!

செ. இன்று செய்தது: தாம்பாளத்தில் அரிசி பரப்பி விரலால் 'ம' எழுதினாள். அதற்கு ஒரு வாலும் போட்டாள். தேக்கா மார்க்கெட்டில் கடைப் பலகையில் 'ப' கண்டுபிடித்துக் கத்தினாள், மீன்காரர் சிரித்தார். தம்பி ராஜுவோடு புளியங்கொட்டை எண்ணினாள். பதினேழில் அலுத்துவிட்டது, விட்டுவிட்டேன். அவள் கேட்டால் சொல்வது, கேட்காத நாள் விடுமுறை, கை ஓங்குவதே இல்லை. இதுதான் என் சட்டம். நான் படித்த இடத்தில் வெயிலில் மண்டியிட வைத்தார்கள். காலேஜ் வரை போய்வந்தும் இன்றைக்கும் பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

எழுத்து தெரியும் அவளுக்கு. கூட்டி வாசித்ததில்லை. வாசிப்பாளா?

கார்த்திகை 11, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

அடித்துவிட்டேன்.

காலையிலிருந்து ஒரே வரி. இன்னொரு தரம், இன்னொரு தரம். எத்தனையாவது தரமோ, அவள் நிமிர்ந்து, "அம்மா, உனக்கு ஏன் மூச்சு வாங்குது?" என்றாள். என் கையில் பனையோலை விசிறி. அதன் காம்பால் விரல் மேல் ஒன்று. அழவில்லை. இரண்டு கையையும் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். கதவோரம் ராஜு, பார்த்துக்கொண்டு.

சாயங்காலம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அது பக்கத்து வீட்டு ஆமினா அக்கா காதில் விழுந்துவிட்டது. "பெத்த பிள்ளைகிட்ட மன்னிப்பா! காலேஜில இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா? ஒம்பது பேரை வளர்த்தேன், ஒரு தடவை கேட்டதில்ல லா." பிறகு தானே தேங்காயெண்ணெய் கொண்டுவந்து செ. விரலில் தடவிவிட்டுப் போனார்.

அரிசித் தாம்பாளத்தை செ. தொடவே இல்லை.

கார்த்திகை 13, வெள்ளி

பெரியப்பா நேற்றே வந்துவிட்டார். இன்று சாப்பாட்டுக்குப் பின் பரீட்சை. தம்பி மனைவியிடம் நேராகப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைத் தூணுக்குச் சொல்வார். நான் கதவுக்குப் பின்னால்.

செ. புத்தகத்தைப் பார்க்கவில்லை. கைகள் பாவாடைக்குள்.

"ஆறு வயசு. வாயில ஒரு எழுத்து வரல. மார்க்கெட்டுல கத்தரிக்காயைக் காட்டிப் பாடம் நடத்தினா இப்படித்தான்." தூணிடம்.

எப்படித்தான் கதவைத் தாண்டி வந்தேனோ. முதல் தடவையாக அவர் முன் நின்று பேசினேன். "அவளுக்குத் தெரியும். புதன்கிழமை நான் அடிச்சிட்டேன். அதுலதான் பேச்சு நின்னு போச்சு."

"அடிச்சுமா வரல?" என்று தூணைப் பார்த்தே சிரித்தார்.

இவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கப் போனார்.

பெட்டி கட்டியாயிற்று. பாவாடை 4, சட்டை 4, சீப்பு, வயிற்று வலிக்குச் சுக்கு. செ.வும் கூட உட்கார்ந்து அடுக்கினாள். மேலே பெரியப்பா தம் விலாசம் எழுதி ஒட்டினார். கயிறு நான்தான் கட்டினேன். முடிச்சு நிற்கவில்லை, இரண்டு தரம் கட்டினேன்.

விசிறியைக் காணோம். அடுப்புக்கு முறத்தால் விசிறினேன்.

கார்த்திகை 14, சனி

ஜாலான் புசாரில் யாரையோ பார்க்கப் பெரியப்பா போயிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பெட்டி மேல் சாய்ந்துகொண்டு இரண்டு பிள்ளைகளும். செ. பாவாடைக்குள்ளிருந்து விரலை எடுத்தாள். விலாசத்தின் கடைசி வரியில் வைத்தாள்.

"பி... னா... ங்... கு. பினாங்கு. நான் போற ஊரு, ராஜு. நீ சொல்லு."

"பிண்ணாக்கு."

"பரவாயில்லடா. அவசரமில்ல. நாளைக்குப் பாக்கலாம்."

என் வார்த்தை. புதன்கிழமைக்கு முந்தைய என் வார்த்தை.

நிமிர்ந்தால் வாசலில் இவர். ஒரு காலில் பூட்ஸ், ஒன்று கையில். எப்போது வந்தாரோ.

சாப்பிடும்போது இவர்: "அண்ணே, வாசிக்கத் தெரியலேன்னுதானே கூட்டிட்டுப் போறீங்க?"

"ஆமா."

"தெரியுது. நானே கேட்டேன். அவ இங்கேயே இருக்கட்டும்."

"பெண்டாட்டி சொல்லிக் கொடுத்தாளோ?"

"ஆமாண்ணே. பிள்ளைக்கு."

பெரியப்பா மோரை முழுக்கக் குடித்தார். தூணைப் பார்த்தார். "சித்திரையில வருவேன். ஒரு பக்கம் முழுசா வாசிக்கணும்."

ஐந்து மாதம். ரசத்தில் உப்புப் போட்டேனா என்றே நினைவில்லை.

கார்த்திகை 15, ஞாயிறு

வெயில். கப்பல் போய்விட்டது. துணியெல்லாம் காய்ந்தது.

பெட்டியை அவிழ்த்தேன். பாவாடை, சட்டை, சீப்பு, சுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் விசிறி.

"அங்கே காத்து இருக்காதுன்னா எடுத்து வச்சே?"

"இல்லம்மா. நான் போயிட்டா அடுத்து ராஜுவுக்குத்தானே பாடம் நடத்துவே."