கேமராவுக்குத் திருஷ்டி

செவ்வாய், இரவு

சங்ககிரிவாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: நகராட்சி வைத்த வேகக் கேமராவின் கண் இன்று காலை மூடப்பட்டது. மூடியவன் நானே. துரட்டியால் திருஷ்டி பொம்மை ஒன்றை அதன் முகத்தில் மாட்டிவிட்டேன்.

டீக்கடையில் ஒரே கைதட்டல். "அது கேமரா இல்லீங்க, வசூல் உண்டியலு!" என்றார் லாரி ஓட்டும் மாரியண்ணன்.

"அத்தனை வண்டியையும் ஒத்தக் கண்ணு பாக்குதுங்கண்ணா. திருஷ்டி படாதுங்களா?" என்றேன்.

இப்போதும் சொல்வேன், அது உண்டியல்தான்.

சாயங்காலம் தங்கச்சியைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தேன். சாலையைக் கடக்கவே முடியவில்லை. மாரியண்ணன் லாரி எங்களை உரசுவதுபோல் பறந்தது. "நேத்தெல்லாம் மெதுவாத்தானே போனாங்க?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பொம்மையைக் காணோமென்று டீக்கடையில் இப்போது விசாரணை. காற்று என்று சொல்லிவிட்டேன்.

கழற்றியதும் நான்தான். அதே துரட்டி.