அறுபத்தொரு குரல்

மார்ச் 3, 2079. காலை 6.40
ஆனைமலை, மறுகாட்டு நிலையம். பணியில் ஒரே ஆள்: சௌந்தரவல்லி, பறவை ஆய்வாளர். மழை இல்லை. ஒலிவாங்கிகள் நாற்பதும் ஒழுங்காகக் கேட்கின்றன. தேயிலைத் தோட்டத்தைக் கைவிட்டு இருபத்தாறு வருடத்தில் தானாக முளைத்த காடு இது. மரத்தின் அடி இன்னும் என் இரு கைக்குள் அடங்கும். நேற்றுவரை குரல் கேட்ட பறவை இனங்கள் 58. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் முதுகாட்டில் 61. இன்னும் மூன்றுதான். உட்கார முடியவில்லை, விடிந்ததிலிருந்து நான்கு காபி ஆயிற்று.

மார்ச் 5. காலை 9.15
60. நேற்று ஒன்று, இன்று தீக்காக்கை கூப்பிட்டது.
இதைப் படிப்பவருக்கு ஒப்பந்தத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கரையில் உள்ள அத்தனை இனமும் இங்கே வந்துவிட்டால் அக்கரையை வெட்டிச் சுரங்கம் தோண்டலாம். கையெழுத்துப் போட்டவள் நான்தான். பறவைகள் இடம் மாறிவிட்டால் அங்கே மிஞ்சுவது வெறும் மரம்தானே என்று வாதாடினேன். அவற்றை வரவழைக்க அறுபத்தொரு இனங்களின் குரலையும் மூன்று வருடம் ஒலிபெருக்கியில் போட்டேன். போன மாதமே எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. என் கணக்கில் கள்ளம் கிடையாது.

மார்ச் 8. மதியம் 12.05
61! இருவாச்சி. எண்ணிக்கையைக் கருவி தானாகவே தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டது. அங்கிருந்து அதிகாரி இராசமணி பேசினார்.
“மேடம், சாதிச்சுட்டீங்க. பன்னெண்டாம் தேதி அக்கரையில வேலை ஆரம்பிச்சிடுவாங்க.”
சந்தோஷமாகத்தான் இருந்தது, அரைமணி நேரம். பிறகு மனம் அரிக்கத் தொடங்கியது. இவ்வளவு பெரிய பறவை என் கண்ணில் ஏன் படவில்லை? மனித வாடை படக்கூடாது என்று காட்டுக்குள் எல்லாருக்கும் தடை போட்டதும் நான்தான். எனக்கும் சேர்த்துப் போட்டேன்.

மார்ச் 11. காலை 7.30
தடையாவது மண்ணாவது. மூன்று நாளாக உள்ளே நடக்கிறேன். கண்ணால் கண்டது பதினேழு இனம். வெறும் பதினேழு.
இன்று தலைக்கு மேலேயே இருவாச்சிக் குரல் கேட்டது. நிமிர்ந்தேன். கிளையில் ஒரு துடுப்புவால் கரிச்சான். இருவாச்சி போலக் கத்தியது, அடுத்து தீக்காக்கை போல, அடுத்து மரகதப்புறா போல. மற்ற பறவைகளின் குரலைக் கற்றுக்கொண்டு கத்துவது கரிச்சானின் இயல்பு. கல்லூரிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஒலிபெருக்கி வைத்து மூன்று வருடம் அதற்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், மடச்சி.

மார்ச் 11. காலை 10.10
ஆறாவது முறை கூப்பிட்ட பிறகே இராசமணி கிடைத்தார்.
“கணக்கு மந்திரி மேசை வரைக்கும் போயாச்சு மேடம். இப்ப வந்து கரிச்சான்னு சொன்னா யாரு நம்புவா?”
இது கூடு கட்டும் மாதம் என்றேன். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும், ஆண் வெளியிலிருந்து இடுக்கு வழியாகப் பழம் ஊட்டும், குஞ்சு வளரும்வரை அவள் வெளியே வரமாட்டாள் என்றேன். மூன்றே மாதம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்.

மார்ச் 12. காலை 9.20
எழுதி அனுப்பினேன், ஏழு பக்கம். பதில் இல்லை. அக்கரையில் இயந்திரச் சத்தம். மரம் விழும்போது இங்கே மேசை அதிர்கிறது. ஆற்றில் இறங்கினேன். நடு ஆற்றில் இழுப்பு அதிகம், திரும்பி வந்துவிட்டேன். பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

மார்ச் 12. மாலை 4.50
வந்துவிட்டன. நிஜ இருவாச்சிகள். பதினொன்று. அலகில் அத்திப்பழம். மரம் மரமாகப் போய் அடிமரத்தைத் தட்டிப் பார்க்கின்றன. இந்த இளமரங்களில் பொந்தே கிடையாது.
தொலைநோக்கியில் கண்களைப் பார்த்தேன். பெண்ணுக்கு வெள்ளை, ஆணுக்குச் சிவப்பு.
பதினொன்றும் சிவப்பு.
மறுபடி பார்த்தேன். சிவப்பு.

மாலை 5.05
நிலையத்துக் கேமரா படம் எடுத்து அனுப்பியிருக்கிறது. இராசமணியிடமிருந்து செய்தி:
“பாத்தீங்களா மேடம், இருவாச்சி வந்திருச்சு. நீங்க வீணா பயந்துட்டீங்க.”