நாற்பத்திரண்டாவது வரி

மார்ச் 3

உங்களுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டையில் முடியும். அதனால்தான் கடிதம்.

தண்ணீர்த்தொட்டி மாடியில் நீங்கள் கட்டிய இரண்டு செக்டார் ஆன்டெனாவும் திணறுகின்றன. எதிர்க் கட்டடத்தில் வேறொரு கம்பெனி ஆன்டெனா நட்டதிலிருந்து, சாயங்காலமானால் நாம் வீடுகளுக்குக் கொடுக்கும் இன்டர்நெட் ஊர்கிறது. பேக்கரிக்காரர் நேரிலேயே வந்து, "ஏம்மா, மாவு பொங்கிடுது, உங்க நெட்டுல ஒரு பக்கம் திறக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹார்ன் ஆன்டெனா போடச் சொல்கிறார்கள். போடலாமா? உங்களைக் கேட்காமல் உங்கள் கம்பத்தில் கை வைக்க மனம் வரவில்லை.

இப்படிக்கு,
ஆபீஸ்காரி


மார்ச் 9

முதலாளியம்மாவுக்கு,

இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம், அதிலும் ஆன்டெனா. பரவாயில்லை, கேட்கவாவது தோன்றியதே.

செக்டார் அகலமாக வீசும். இரண்டு இருந்தால் முன்பக்கம் முழுக்க அடங்கிவிடும். ஆனால் பக்கவாட்டிலும் முதுகிலும் சிந்தும், சிந்துகிற வழியாகவே அடுத்தவன் இரைச்சலும் உள்ளே நுழையும். ஹார்ன் புனல் மாதிரி. பார்க்கிற பக்கம் தவிர வேறு எதுவும் அதன் காதில் ஏறாது. வீச்சின் அகலம் குறைவு, இரண்டுக்குப் பதில் நான்கு கட்ட வேண்டியிருக்கும். யோசிக்காதே, மாற்றிவிடு. பின்பக்கம் ஏரிதான். அங்கே யாரும் இல்லை.

மழை ஈரத்தில் யாரையும் மேலே ஏற்றாதே.

இப்படிக்கு,
ஏணிக்காரன்


மார்ச் 15

உங்களுக்கு,

அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டாம். வேலையாட்கள் முன்னால் உங்களை 'வெறும் ஏணிக்காரர்' என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், இன்றைக்குச் சொல்கிறேன்.

ஏரிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று காட்டும் என் கம்ப்யூட்டர் பட்டியலில் நாற்பத்தொரு வாடிக்கையாளர்கள். அதற்குக் கீழே நாற்பத்திரண்டாவதாக 'சோதனை' என்று ஒரு வரி. நாம் முதன்முதலில் வாங்கிய டிஷ் ஆன்டெனா, பெயர் போட்டது நான், அக்கரைக்குக் குடிபோனபோது கையோடு எடுத்துப்போனது நீங்கள். இரண்டு வருஷமாகத் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறது, எட்டு மணிக்குப் போகிறது. செக்டாரின் முதுகில் சிந்துவதைப் பிடித்துக்கொண்டு, இதோ அறுந்துவிடும் போல வருகிறது. அது வந்ததைப் பார்த்த பிறகுதான் நான் ஆபீசைப் பூட்டுவேன்.

ஹார்ன் மாட்டினால் அந்த வரி போய்விடும். ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒரு செக்டாரை விட்டுவைக்கிறேன்.

நான்தான்


மார்ச் 22

உனக்கு,

விட்டுவைக்காதே. ஒருவனுக்காக நாற்பத்தொரு வீட்டைப் படுத்தக் கூடாது.

என் அறையில் நல்ல கேபிள் இணைப்பு இருக்கிறது. உன் கம்பத்திலிருந்து வருவதில் ஒரு மெயில்கூடத் திறக்காது. ஆனாலும் ஏழு மணிக்கு அந்த டிஷ்ஷைச் செருகுவேன். நீ பார்ப்பாய் என்று தெரியும். பார்த்தும் ஒன்றும் கேட்க மாட்டாய் என்றும் தெரியும். அதனால்தான் வர முடிந்தது. இனிமேல் நேராக வா என்றால், என்னால் முடியுமா தெரியவில்லை. நீ மன்னிப்புக் கேட்டதை நாலு தரம் படித்தேன்.

ஏணிக்காரன் என்றே இருக்கட்டும், பழகிவிட்டது.


ஏப்ரல் 20

அன்புள்ள உங்களுக்கு,

இந்த முறை அடிக்கவில்லை.

ஹார்ன் மாட்டி மூன்று வாரமாகிறது. ஒரு புகார் இல்லை. பேக்கரிக்காரர் பன் கொடுத்தனுப்பினார்.

நான்கு போதும் என்றீர்கள், ஐந்து வாங்கினேன். ஐந்தாவதை ஏரிப்பக்கம் திருப்பி, உங்கள் மாடிக்கு நேராகக் கட்டச் சொல்லியிருக்கிறேன். இனி சிந்துவதைப் பிடிக்க வேண்டாம், உங்களைப் பார்த்தேதான் நிற்கிறது. மேலே ஏறிய ஆள் நேற்றுக் கேட்டார்: "அக்கா, மூணு வாரமா இதுல ஒருத்தரும் வரல. கழட்டிடட்டுமா?" இருக்கட்டும் என்றேன்.

முதல் வாரம் எட்டு மணி வரை உட்கார்ந்து பார்த்தேன். இப்போதெல்லாம் ஆறேமுக்காலுக்கே பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். ஏழு மணிக்கு அந்தப் பட்டியல் முன்னால் இருக்க முடியவில்லை.

நீங்கள் வந்தால் கம்ப்யூட்டர் பதிவில் இருக்கும். காலையில் விளக்கைப் போடுவதற்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறேன்.

உங்கள்
ஆபீஸ்காரி