சிவப்புக் கோட்டுக்கு மேலே

பாய்,

இன்று காலை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்க மெக்கானிக் வந்தார். பால் திரிந்துபோகிறது, மாவு பொங்கி வழிகிறது என்று மருமகள் ஒரே புலம்பல். வந்தவர் கதவைத் திறந்து பார்த்தார். மெஷினைத் தொடவே இல்லை. "ரிப்பேரெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா. இப்படித் திணிச்சு வச்சா குளிர் எப்படிங்க சுத்தி வரும்?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் மருமகளுக்கு முகம் சிவந்துவிட்டது. அடித்தட்டில் முருங்கைக்காய்க் கட்டு வேறு கிடந்தது. நான் சிரித்தது உங்களை நினைத்து என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் திணித்தது ஃபிரிட்ஜில் இல்லை, கன்டெய்னரில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் இருந்தோம். நான் பேக்கிங் செக்ஷனில் செக்கிங். நீங்கள் கன்டெய்னரில் அட்டைப்பெட்டி அடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. மற்றவர்கள் ஏற்றி முடித்து, இனி இடமில்லை என்று கைவிரித்த பிறகும் நீங்கள் ஒரு வரிசை ஏற்றுவீர்கள். கடைசிப் பெட்டியை முதுகால் நெட்டித் தள்ளி, கதவைச் சாத்திவிட்டு, "இனி எறும்பு போகோணும்னாலும் எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போகோணும்" என்பீர்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். அந்தப் பெருமையில் உங்கள் நடையே கொஞ்சம் மாறியிருந்தது என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

துபாயில் காய்கறி மொத்த வியாபாரம் செய்த உங்கள் மச்சான்தான் முதலில் கேட்டார், முருங்கைக்காய் அனுப்ப முடியுமா என்று. பொங்கலூரில் எங்கள் சொந்தக்காரர்கள் தோட்டமெல்லாம் முருங்கை. காய்ப்புக் காலத்தில் சந்தைக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகைக்கே சரியாகிவிடும். விமானத்தில் அனுப்பக் கட்டுப்படியாகாது, கப்பலில் குளிர்ப்பெட்டி இருக்கிறது, ரீஃபர் என்று பெயர் என்று நீங்கள் விசாரித்துக்கொண்டு வந்தீர்கள். கூட்டாகச் செய்யலாம் என்று பேசிக்கொண்டோம். நான் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினேன். எங்கள் சித்தப்பா ஊர் நடுவில் நின்று, "இவ கப்பல்ல முருங்கக்கா உடறாளாமா" என்று சொல்லிச் சிரித்தார். ஆனாலும் காய் கொடுத்தார். எல்லாரும் கொடுத்தார்கள். என் வாய்ச்சொல்லை நம்பித்தான் கொடுத்தார்கள். அது அழுகிப் போனால் பொங்கலூரில் இன்னொரு வாசலில் ஏறி நான் காய் கேட்க முடியாது.

அட்டைப்பெட்டிக்குக் காற்றோட்ட ஓட்டை வேண்டும் என்று உங்கள் மச்சான் சொல்லியிருந்தார். கட்டிங் செக்ஷனில், துணி வெட்ட அளவு வைக்கும் பேட்டன் அட்டையைத் துளைக்கும் பஞ்ச்சை எடுத்து நாமே போட்டோம். கொச்சியிலிருந்து ரீஃபர் லாரி நம் கம்பெனி வாசலில் வந்து நின்றபோது கம்பெனியில் பாதிப்பேர் வெளியே வந்துவிட்டார்கள். டிரைவர் மெஷினை ஓடவிட்டார். நீங்கள் காலிப் பெட்டிக்குள் ஏறி, சில்லென்று வந்த காற்றில் கண்ணை மூடி நின்றீர்கள். தோளில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியில் ஒரு கீற்றைக் கிழித்து, கதவோரம் மேலே இருந்த கொக்கியில் கட்டினீர்கள். அது படபடவென்று ஆடியது. "பாத்துக்கங்க அம்மிணி, நம்ம கொடி" என்றீர்கள்.

உள்சுவரில் கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அதற்கு மேலே அடுக்கக் கூடாது என்று டிரைவர் சொன்னார். நீங்கள் கோட்டையும் பார்த்தீர்கள், கூரையையும் பார்த்தீர்கள். "அத்தன எடத்தச் சும்மா உடச் சொல்றீங்களா? கோடு போட்டவரு திருப்பூர்ல லோடு ஏத்துனதில்லீங்க போல" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பிறகு அடுக்கினீர்கள் பாருங்கள், அது உங்கள் வாழ்நாளிலேயே சிறந்த அடுக்கு. கூரை தொட்டு, சுவர் தொட்டு, இடுக்கெல்லாம் அட்டைத் துண்டு செருகி, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கத்தி நுழையாது.

ஏற்றி முடித்ததும் ஒரு கதவைச் சாத்திவிட்டு டிரைவர் மறுபடி மெஷினை ஓடவிட்டார். துறைமுகத்தில் கேட் அடைத்துவிடுவார்கள், கிளம்பலாம் என்று அவசரப்படுத்தினார். நானும் சரி என்றேன். நீங்கள் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நின்றீர்கள். கொக்கியில் அந்தக் கீற்று அசையாமல் தொங்கியது.

மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்டேன். நீங்கள் ஒரு அட்டைத் துண்டைப் பிடுங்கி எடுத்து அந்த இடுக்கில் என் கையை விடச் சொன்னீர்கள். விட்டேன். வெதுவெதுவென்றிருந்தது. பறித்த காயைக் குவியலாகப் போட்டு மூடினால் உள்ளே சூடு ஏறும் என்பது தோட்டத்துக்காரர் மகளான எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்தச் சூடுதான் அது.

"துணி மூச்சு உடாதுங்க அம்மிணி. காய் உடும். போறதுக்கு வழியில்லாம நாந்தான் அடச்சுப் போட்டேன்" என்றீர்கள். பிறகு ஆட்களைப் பார்த்து, "எறக்குங்க சாமி, கோடு வரைக்கும்" என்றீர்கள்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் உங்கள் அடுக்கை நீங்களே கலைத்தீர்கள். முகம் சுண்டவில்லை, ஆட்கள் மேல் எரிந்து விழவில்லை. உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது நீங்கள் அடுக்கியதைப் பார்த்து இல்லை பாய், இறக்கியதைப் பார்த்துத்தான். செருகிய அட்டைகளையெல்லாம் உருவி எடுத்து, மேல் வரிசைகள் இறங்கி முடிந்தபோது கீற்று மெல்லத் தலையாட்டியது. அப்புறம் முதலில் ஆடியதுபோலவே ஆடியது.

மிஞ்சிய பெட்டிகளில் யாருடைய காயை ஏற்றாமல் நிறுத்துவது என்பது என் பாடு. ஊரார் காயை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பெட்டிமேல் போட்டிருந்த குறியைப் பார்த்து, என்னைப் பெற்ற அய்யன் தோட்டத்துப் பெட்டிகளை நிறுத்தினேன். அய்யன் கூடவே வந்திருந்தார். தலைத்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "ஊருக்கெல்லாம் கப்பலு, எனக்கு மட்டும் சாம்பாரா கண்ணு?" என்றார். அந்த வாரம் முழுக்கக் கம்பெனி மெஸ்ஸில் முருங்கைக்காய் சாம்பார், முருங்கைக்காய் பொரியல். டெய்லர்கள் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் போதும் என்று கும்பிடு போட்டார்கள்.

பெட்டி துபாய் போய்ச் சேர்ந்த அன்று டெலிபோன் பூத்தில் போய் உட்கார்ந்தோம். காய் நன்றாக இருக்கிறது என்று உங்கள் மச்சான் சொன்னாராம். நீங்கள் நம்பவில்லை. "சொல்லாதீங்க மச்சான். ஒண்ண எடுத்துப் போன்கிட்ட வச்சு ஒடிங்க" என்றீர்கள். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டினீர்கள். இன்னொன்றை ஒடித்தார். கடல் தாண்டி எங்கள் சித்தப்பா தோட்டத்து முருங்கை 'சடக்'கென்று முறிந்தது. பூத்துக்காரர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் நான் அழுதேன்.

அடுத்த முறை நான் போய்க் கேட்பதற்கு முன்பே சித்தப்பா காயைக் கட்டி வைத்திருந்தார். அந்த முறை வண்டியில் முதலில் ஏறியது அய்யன் காய்தான்.

போன வருடம் உங்கள் மய்யித்தைக் கிடத்தியிருந்த கூடத்தில் கால் வைக்க இடமில்லை. திருப்பூரில் லோடு ஏற்றுகிறவர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். சன்னலையும் அடைத்து நின்றார்கள். "கொஞ்சம் வழி உடுங்க, காத்து வரட்டும்" என்று நான்தான் சத்தம் போட்டேன். உங்கள் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு இந்தக் கதை தெரியும். அழுகைக்கு நடுவே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான்.

இப்போது எங்கள் பேக்கிங் கொட்டகையிலிருந்து தேங்காய்த் துருவல் உறைநிலையில் போகிறது, காய்கறி போகிறது. கம்ப்யூட்டரில் சூடும் குளிரும் தெரிகிறது. இருந்தாலும் ஒவ்வொரு பெட்டியிலும் கதவோரம் ஒரு பனியன் வேஸ்ட் கீற்றைக் கட்டச் சொல்வேன். வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பிள்ளைகள் அதை ஏதோ சாமிக்கு நேர்ந்துகொண்டது என்று நினைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். அது ஆடாமல் கதவைச் சாத்த விடமாட்டேன்.

நேற்றும் ஆடியது, பாய்.