என் குழியில் ஒரு வெள்ளரி

கும்பம் 26, ஞாயிறு

இன்றும் என்னைக் குளிப்பாட்டவில்லை. இது மூன்றாவது ஞாயிறு.

கிணற்றில் வாளி அடியைத் தட்டுகிறது. சுலோசனா இரண்டு வாளி இறைத்தாள். ஒன்று சமையலறைக்குப் போயிற்று. இன்னொன்று எனக்குத்தான் என்று எழுந்து, வாலை ஆட்டி, தயாராக நின்றேன். வாளி என்னைத் தாண்டிச் செம்பருத்தி அடிக்குப் போயிற்று.

அது என் குழி. நான்கு கோடைகளாக என் கால்களால் தோண்டியது. மத்தியான வெயிலில் வயிற்றை அதில் வைத்தால் பூமியின் உள்பக்கம் தெரியும். மகர மாதத்தில் அவள் அதை நிரவி, சாணம் போட்டு, வெள்ளரி விதை ஊன்றினாள். "கைசர், இது இனிமே உனக்கில்ல, கேட்டியா?" என்றாள்.

கேட்டேன்.

கும்பம் 28

கஞ்சித் தண்ணீரும் போயிற்று. நேற்றுவரை என் தட்டுக்கு வந்தது. இன்று கொடிக்கு.

காய்த்தவை எட்டு. ஏழு காய்களை ஈ குத்தி அழுக வைத்தது. மிஞ்சியது ஒன்று. அதற்குப் பழைய நாளிதழைச் சுற்றி, நாரால் கட்டி, அடியில் வைக்கோல் பரப்பியிருக்கிறாள். எனக்கு வைக்கோல் விரித்தது எப்போது? குட்டியாக வந்த அன்று.

வேலிக்கு அப்பாலிருந்து நபீசா இத்தா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ சுலோச்சனே, ஆறு பெத்தேன், ஒண்ணையாவது நான் இப்படிப் பொத்திப் பொத்தி வச்சேனாடி?"

"சிரிங்க இத்தா, நல்லா சிரிங்க. விஷு அன்னிக்கு வந்து பாருங்க, சொல்றேன்."

"எனக்கெதுக்குக் கணி? பாயசத்த மட்டும் வேலிக்கு மேல நீட்டு."

மீனம் 1

காரணம் இருக்கிறது. எனக்கும் தெரியும். தெரிந்தால் எரிச்சல் குறைய வேண்டும். குறையவில்லை.

போன விஷுவுக்குச் சந்தையில் வாங்கிய வெள்ளரி. விடியலில் கண்ணை மூடிக்கொண்டு வந்து, அடுக்கி வைத்த கணியின் முன் திறந்தால், பொன்போல் இருக்க வேண்டியது அடிப்பக்கம் அழுகி, வெண்கல உருளியில் நீர் விட்டிருந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம் சஹதேவன் ஸ்கூட்டரோடு விழுந்தார். அவள் புருஷன். இன்றும் அவர் நடந்து வந்தால் ஒரு காலடி கனமாக விழும், அடுத்தது இழுபடும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று சுலோசனா சொல்லவில்லை. ஆனால் இந்த வருஷம் வெள்ளரி தன் முற்றத்திலிருந்துதான் வரும் என்றாள். வடு இல்லாமல்.

வருஷத்தின் முதல் பார்வை. அது ஒரு காய்க்கு.

மீனம் 6

கொடியின் ஓரத்தில் மண் ஈரமாக இருந்தது. ஓரம்தானே. ஒரு பிடி தோண்டினேன். முன்னங்கால்கள் மட்டும்.

சஹதேவன் பார்த்துவிட்டார்.

"நிலம்பூர்லேர்ந்து அண்ணன் கேட்டுட்டே இருக்கான், ரப்பர் தோட்டத்துக்கு ஒரு காவல் நாய் வேணும்னு. இன்னொரு தடவ இவன் அதுகிட்டப் போகட்டும். விஷுவுக்கு ஜீப் வருதில்ல, ஏத்தி அனுப்பிருவேன். அங்க சங்கிலியில கெடந்தா புத்தி வரும்."

நான் அவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தேன். அவள் நான் தோண்டிய மண்ணைக் கையால் அள்ளி வேரில் அணைத்துக்கொண்டிருந்தாள்.



மீனம் 9

எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம். இருவரும் உள்ளே தூங்கினார்கள். முந்திரி மரத்தில் அணில் சத்தம்கூட இல்லை. முகரத்தான் போனேன். சத்தியமாக முகரத்தான். காகிதம் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே அவளுடைய கை வாசனை. சோப்பு, வெங்காயம், சாணம். என் கழுத்தில் ஒரு மாதமாக இல்லாத வாசனை.

வாய் திறந்தது. திறந்தேனா, திறந்ததா?

பல் இறங்கியது. கசப்பு. உடனே விட்டுவிட்டேன். பிறகு வாசல் படியில் போய், தோட்டத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன், ஒன்றுமே நடக்காதது போல. வால் மட்டும் அடங்கவில்லை.

மீனம் 10

காலையில் காகிதத்தைப் பிரித்தாள். வெகுநேரம் குனிந்தபடி இருந்தாள்.

"என்னடி, ஈ வந்துருச்சா?" என்று உள்ளிருந்து சஹதேவன்.

"இல்ல. எறும்பு."

எறும்பு இல்லை.

அடுப்புச் சாம்பல் எடுத்து வந்து அதன் மேல் தடவினாள், ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப. என் காதில் உண்ணி எடுக்கும் அதே விரல்கள். பிறகு, தூங்கும் குழந்தையைப் போல அதை மெதுவாகப் புரட்டி வைத்தாள்.

தெரிந்திருந்தால் அடித்திருப்பாள். அடிக்கவில்லை. ஆகவே தெரியாது.

கடித்தவன் நான். தடவல் அதற்கு.

மீனம் 18, ஞாயிறு

கோடை மழை. முதல் இடிக்கு அவள் குடையோடு ஓடினாள். கொடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, வெள்ளரிக்குக் குடை பிடித்து, முதுகு நனைய உட்கார்ந்திருந்தாள்.

நான் அவளுக்கு இரண்டடி தள்ளி நனைந்துகொண்டு நின்றேன். என் பக்கம் குடை சாய்கிறதா என்று பார்த்தேன். ஒரு முறை சாய்ந்தது. காற்றாக இருக்கலாம்.

இதைக் குளியல் என்று எழுதிக்கொள்கிறேன்.

மீனம் 24

பொன்னாகிறதாம். "பாரேன், என்ன நிறம்!" என்கிறாள் வருகிறவர்களிடமெல்லாம். எனக்குப் பச்சையும் மஞ்சளும் ஒன்றுதான். ஆனால் வாசனை மாறிவிட்டது. கசப்பு போய்விட்டது. இனிப்பாக, கர்வமாக.

மீனம் 27

பறித்தாயிற்று. வாழைநார் உறியில் சமையலறைச் சன்னலோரம் தொங்குகிறது. குழி காலி. போய்ப் படுக்கலாம். நின்று பார்த்தேன். படுக்கவில்லை. வேண்டியது குழி இல்லையோ?

மீனம் 31

கொன்றைப்பூ வந்துவிட்டது. நிலம்பூர் அண்ணனும் போன் பண்ணிவிட்டார், நாளை ஜீப்போடு சாப்பாட்டுக்கு வருகிறாராம்.

நாளை காலை விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கண்களும் அதன் மேல்தான் இருக்கும். சாம்பல் கழுவியிருப்பாள். நாலு பல். எறும்பு என்று யார் நம்புவார்?

சஹதேவன் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்க்கப்போவது என் வாயை.

மேடம் 1, விஷு

விடியும் முன் அவளுடைய வளையல் சத்தம். பிறகு அவருடைய காலடி, ஒன்று கனம், ஒன்று இழுப்பு. கண்ணைப் பொத்தி நடத்தி வருகிறாள்.

"படி இருக்கு, பாத்து."

"கண்ண மூடிட்டு எப்படிடி பாக்கறது?"

கண்ணைத் திறந்திருப்பார்.  சன்னலுக்குக் கீழே, நேற்றிரவே கட்டிப்போட்ட சங்கிலியோடு நான்.

"நல்லாருக்கு," என்றார் கடைசியில். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

கணியைக் கிணற்றுக்குக் காட்டினார்கள். பலா மரத்துக்குக் காட்டினார்கள். உருளி அவளிடம், விளக்கு அவரிடம். பிறகு என்னிடம் வந்து அவள் உட்கார்ந்தாள். ஒரு உள்ளங்கை என் கண்களை மூடியது. சோப்பு, வெங்காயம். சாணம் இல்லை. கொன்றைப்பூ.

"இப்ப பாரு கைசர்."

அரிசி, தேங்காய், பூ. நடுவில் அது. முன்பக்கம் வடுவே இல்லாமல், வழவழவென்று. அதற்குப் பின்னால் கண்ணாடி நிறுத்தியிருந்தது. கண்ணாடியில் சுடர், அவளுடைய முகவாய், அதன் அருகே ஒரு நாயின் முகம். கீழே வெள்ளரியின் முதுகு. அதில் நாலு பழுப்புப் புள்ளிகள், காய்ந்து ஆறியவை.

அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாகப் பார்ப்பவளைப் போல அல்ல.

சஹதேவன் சிரமப்பட்டுக் குனிந்தார். சரிந்திருந்த கொன்றைக் கொத்தை விரலால் இழுத்து, அந்த இடத்தை மூடினார்.

"எறும்பு கடிச்சது," என்றாள் அவள்.

"ஆமாமா. நாலு கால் எறும்பு."

சாயங்காலம் ஜீப் திரும்பிப் போயிற்று. பின்னால் இரண்டு பலாப்பழம் ஏற்றியிருந்தார்கள்.

மேடம் 4

அதை அறுத்து மோர்க்கறி வைத்தாகிவிட்டது. விதைகளைக் கழுவி, சாம்பலில் புரட்டி, முற்றத்தில் முறத்தில் காய வைத்திருக்கிறாள். சங்கிலியை அவிழ்த்து என்னை முறத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"காக்கா வந்தா விடாத, கேட்டியா?"

வேலிக்கு மேல் நபீசா இத்தா: "என்னடி, கள்ளன் கையிலேயே சாவியா?"

"அடுத்த விஷுவுக்கு இருக்கட்டும் இத்தா," என்றாள்.

எது இருக்கட்டும்? விதையா?

அவள் உள்ளே போய்விட்டாள். விதைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு குழி கேட்கும், ஒரு வாளி கேட்கும், ஒரு குடை கேட்கும்.

முருங்கையிலிருந்து ஒரு காக்கை இறங்கி, தத்தித் தத்தி வந்தது.

எழுந்து நின்றேன்.