பல் பதிந்த மவுத்பீஸ்

மார்ச் 3

அன்புள்ள அரத்துக்கு,

எந்நேரமும் கையில் அரத்தோடு நிற்பவளை வேறு எப்படி அழைப்பது? நீ கோபித்துக்கொண்டு பட்டறையில் போய்த் தங்கி ஆறு நாள் ஆகிறது. நான் போடும் தேநீரை என்னாலேயே வாயில் வைக்க முடியவில்லை.

அப்படி என்ன சொல்லிவிட்டேன்? இசைப் பள்ளியில் சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் முனையை, பழைய மவுத்பீஸையும் புதியதையும், ஊதி ஒப்பிடச் சொன்னார்கள். என் பழையதை ஊதினேன். பிறகு நீ செய்த புதியதை ஊதிவிட்டு, "பிளாஸ்டிக் வாளிக்குள்ள தலைய விட்டுப் பேசுற மாதிரி இருக்கு" என்று சொன்னேன். சபை சிரித்தது. என்னுடைய அறுபது வருடப் பழைய ரப்பரின் நாதம் உன் அரத்துக்கு வராது, அதில் உனக்கென்ன வெட்கம்?

பதினான்காம் தேதி ஒலிப்பதிவு. என் பழையதை இத்துடன் அனுப்புகிறேன். முனையைச் சற்றுச் சரிசெய்து கொடு. என் பல் பதிந்த இடத்தில் மட்டும் கை வைக்காதே.

உன் கணவன்

மார்ச் 7

வித்வான் அவர்களுக்கு,

சபை சிரித்தபோது முன்வரிசையில் என் வாடிக்கையாளர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நால்வரும் மறுநாளே ஆர்டரை வேண்டாம் என்றார்கள். இரண்டே ஸ்வரம் ஊதிவிட்டு என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டீர்கள்.

நீங்கள் அனுப்பியது அல்ல, இந்தப் பெட்டியில் இருப்பதுதான் உங்கள் நிஜமான பழையது. பதினொரு வருடம் முன்பு, உங்கள் முதல் தனிக் கச்சேரிக்கு நான்கு நாள் இருக்கும்போது, என் கை தவறி விழுந்து விரிசல் விட்டது. சொன்னால் வீடு இரண்டாகும் என்று பயந்தேன். ஆமாம், கட்டிய கணவனிடம் பயந்தேன். அதே அளவில் புதிதாக ஒன்று செய்தேன். வெந்நீரில் போட்டு, இளகியதும் நானே கடித்துப் பல் பதித்தேன். வெந்நீர் பட்டு ரப்பர் பழுப்பாகிவிட்டது. இன்றுவரை நீங்கள் ஊதியது அதைத்தான்; அந்த நிறத்தைத்தான் பழமையின் அடையாளம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்தீர்கள்.

நம்பாவிட்டால் பெட்டியில் இருப்பதில் பதிந்த தடத்தில் பல்லை வைத்துப் பாருங்கள். ஓரம் உடைந்த முன்பல் உங்களுக்குத்தானே?

பொய் சொன்னது என் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வாளி என்றதற்கு நீங்கள் அதே மேடையில் பதில் சொல்லுங்கள்.

பட்டறைக்காரி

மார்ச் 10

ஏமாற்றுக்காரிக்கு,

வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது.

பதினொரு வருடம்! ஒவ்வொரு கைதட்டலுக்கும் உள்ளுக்குள் சிரித்திருப்பாய். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா? விரிசலைப் பசை போட்டு ஒட்டி ஊதினேன். காற்று ஒழுகுகிறது, ஜலதோஷம் பிடித்தவன் குரல் மாதிரி வருகிறது.

மேடையேறி நான் என்னத்தைச் சொல்வேன்? ஊர் காறித் துப்பும். யாரிடமும் மூச்சு விடாதே. ஒலிப்பதிவுக்கு நான்கே நாள். என் பழையதை அனுப்பு, நான் கொடுத்து அனுப்பினேனே, அதை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வா, பேசிக்கொள்வோம்.

நான்

மார்ச் 12

வித்வான் அவர்களுக்கு,

உங்கள் பழையது உங்களிடமே இருக்கிறது.

கொடுத்து அனுப்பினது பதினொரு வருடம் முன்பு நான் செய்தது. இப்போதுகூட "நீ செய்தது" என்ற வார்த்தை உங்கள் பேனாவுக்கு வரவில்லை. என் பெயரை மறைத்துத்தான் உங்கள் பெயர் நிற்க வேண்டுமென்றால், நான் அந்த வீட்டுக்கு வந்து என்ன பேசப்போகிறேன்?

ஆர்டரை வேண்டாம் என்ற நால்வரில் ஒரு பெண் நேற்று முன்பணத்தைத் திருப்பி வாங்கிப் போக வந்தாள். மேசைமேல் கிடந்த அந்தப் பல் பதிந்ததை எடுத்து ஒரு மணி நேரம் ஊதினாள். கீழேயே வைக்கவில்லை.

"அக்கா, இது யாரோட பல்லு?" என்றாள்.

"என்னோடதுதான். நான் செஞ்சது" என்றேன்.

முன்பணத்தை விட்டுவிட்டு அதையே விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பட்டறைக்காரி